கெட்டுப்போகாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அவளுக்கு டாக்டரம்மா என்று பேர். படித்து வாங்கிய பட்டம் இல்லை. எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் ஆன் செய்து, அதன்மேல் காதை வைத்துக் கேட்பாள், உள்ளே ஃபேன் திணறுகிறதா, டிஸ்க் கடகடக்கிறதா என்று. அதைப் பார்த்து எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் வைத்த பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாணம் கூடிவரவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே வயசு ஓடிவிட்டது. அம்மா போனபிறகு கடைக்கு மேலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு இருந்தாள்.

கூடப் பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்தில், வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் புத்தகம் தட்டச்சு செய்து கொடுக்கிறவள். அம்மா இறந்த அன்று அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலிலேயே வைத்து இவள் கேட்டுவிட்டாள்.

“இப்ப எதுக்கு வந்தே? விருந்தாளி மாதிரி.”

நாலு பேர் காதில் விழுந்த சொல். அக்கா பையைக்கூடப் பிரிக்காமல் அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிட்டாள். அதோடு இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது. அத்தான் மட்டும் எப்போதாவது போன் செய்து, “இருக்கியாம்மா?” என்று கேட்டு வைப்பார்.

ஒருநாள் காலையில் அத்தானின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

“உங்கக்கா கம்ப்யூட்டர் படுத்துடுச்சும்மா. நடுவுல கரண்ட் போச்சு. அதுலேருந்து கறுப்புத் திரைதான். ஒரு முழுப் புத்தகம் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. இங்க கடைக்காரன் எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் புதுசாப் போடணும்கிறான். அவ சாப்பிடாம உக்காந்திருக்கா.”

“அழிக்க விடாதீங்க அத்தான்” என்றாள் டாக்டரம்மா. பென்டிரைவில் எதை ஏற்றி வாங்கிவர வேண்டும் என்று சொன்னாள். தெருமுனைக் கடையில் அதை வாங்கிக்கொண்டு அத்தான் மறுபடி கூப்பிட்டார்.

“திரையில என்ன வருது?”

“ஏதோ வெள்ளை வெள்ளையா வருது.”

“அது என்னன்னு படிங்க அத்தான்.”

“படிக்கிறதுக்குள்ள ஓடிப்போகுதும்மா, என்னைக் கண்டா அதுக்கும் இளப்பம்.” பிறகு போன் கைமாறுகிற சத்தம்.

“சொல்லு” என்றாள் அக்கா.

இந்தக் குரலைக் கேட்க டாக்டரம்மா எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! வந்த குரலிடம் சொல்ல இருந்ததோ இவ்வளவுதான்:

“ஆஃப் பண்ணிட்டுத் திரும்ப ஆன் பண்ணு. ஆன் பண்ணின கையோட எஃப் பன்னண்டு கீயை விடாம தட்டிக்கிட்டே இரு.”

அக்கா தட்டினாள். பட்டியல் வந்தது. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தாள். எதையும் அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கிற வழியைச் சொன்னாள் இவள். சற்றுப் பொறுத்து அந்தப் பக்கம், “ஃபைலெல்லாம் இருக்கு... எல்லாம் இருக்கு” என்று குரல் உடைந்தது. வெளியே செருகும் டிஸ்க்கில் அத்தனையையும் காப்பி எடுக்க வைத்தாள்.

“முடிஞ்சதா? இப்ப அந்த டிஸ்க்கைக் கழட்டித் தூரமா வை. அது மாட்டியிருந்தா கை தவறி அதையே அழிச்சிடுவோம்.”

“வச்சுட்டேன்.”

“இனிமே இன்ஸ்டால் பண்ணலாம். பழசு மொத்தமும் போயிடும். பயமா இருந்தா...”

“நீ சொன்னா அழுத்தறேன்.”

“அழுத்து.”

திரையில் கோடு நகரத் தொடங்கியது. இனி அதுபாட்டுக்கு நடக்கும், போனை வைத்துவிட்டு அப்புறம் பேசலாம். இருவரும் வைக்கவில்லை. அக்கா வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அக்கா இருமினாள். பழைய இருமல்தான், அம்மாவுக்கும் இப்படியே வரும். ‘மருந்து சாப்பிடறியா’ என்று நாக்கு நுனிவரை வந்ததை டாக்டரம்மா விழுங்கிக்கொண்டாள்.

“பாதி தாண்டிடுச்சு” என்றாள் அக்கா.

“ம்.”

நேரம், மொழி எல்லாம் கேட்டு முடித்து விசைப்பலகைக்கு வந்தது. “தமிழ்ல நாலஞ்சு இருக்கே, எது?” என்று அக்கா கேட்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள்.

“பழைய டைப்ரைட்டர்னு இருக்கும் பாரு, அது. நீ இன்ஸ்டிட்யூட்ல அதுலதானே பழகினே.”

அந்தப் பக்கம் விசைப்பலகையில் ஒரு தட்டல் கேட்டது. பிறகு, “ஞாபகம் வச்சிருக்கே” என்றது குரல், அடங்கி.

அடுத்த வாரம் முழுக்க போன் வந்துகொண்டே இருந்தது. பழைய கோப்புகளில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். எழுத்துருவை அனுப்பிப் போடச் சொன்னாள். பிரிண்டர் அடிக்கவில்லையாம். ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டதாம். தூரத்திலிருந்தே பார்த்துச் சரிசெய்யும் ஒரு மென்பொருளை அக்காவைக் கேட்டு ஏற்றினாள். ஒவ்வொன்றாகச் சரியாயிற்று. பேச்சு மட்டும் கம்ப்யூட்டரைத் தாண்டி ஓரடி நகரவில்லை.

பிறகு போன் நின்றுவிட்டது.

ஒரு குறையும் வைக்காமல் செய்த வேலை அவளுக்கே வினையாய் முடிந்தது. ஊரார் கம்ப்யூட்டர்களெல்லாம் வரிசைகட்டிக் கெட்டுப்போகின்றன, அக்காவுடையது மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது! டாக்டரம்மாவின் திரை ஓரத்தில், அந்த மென்பொருள் வழியாக, அக்கா கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு பச்சைப் புள்ளி வரும். அதை அழுத்தினால் அக்காவின் திரையே தெரியும். கேட்காமல் ஒருநாளும் அழுத்தியதில்லை. கடை திறந்ததும் அந்தப் புள்ளி வந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பாள். அக்கா எழுந்துவிட்டாள், உட்கார்ந்துவிட்டாள், தட்டிக்கொண்டிருக்கிறாள். அதுவே போதும் என்று நினைத்துக்கொள்வாள். போதவில்லை.

“என்ன டாக்டரம்மா, பேஷண்டைவிட நீங்க வாடிக் கெடக்கீங்க?” என்றார் ஜெராக்ஸ்காரர்.

ஒரு திங்கட்கிழமை புள்ளி வரவில்லை. மறுநாளும் இல்லை. அத்தானுக்குப் போட்டால், அந்த வீட்டுக்கு இருக்கிற அந்த ஒரே போனும் சுவிட்ச் ஆஃப். புதன்கிழமை விடிந்ததும் ஸ்க்ரூடிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சுண்ணாம்பு வாசனை. சுவருக்கு வெள்ளையடிக்க, சாமானெல்லாம் நடுக்கூடத்தில் குவிந்திருந்தது. கம்ப்யூட்டர் போர்வை போர்த்தி ஒரு மூலையில் இருந்தது. அத்தானின் போன் அந்தக் குவியலுக்குள் எங்கேயோ உயிரில்லாமல் கிடந்ததாம். அக்கா தலையில் துணி கட்டி, முகமெல்லாம் சுண்ணாம்புப் பொட்டோடு நின்றாள். முன்பைவிட மெலிந்திருந்தாள்.

“என்ன திடீர்னு?”

“கம்ப்யூட்டரைப் பாத்துட்டுப் போலாம்னு.”

“அது நல்லாத்தானே இருக்கு.”

“தெரியும்” என்றாள் டாக்டரம்மா. பையைக் கீழே வைத்தாள்.

அக்கா ஒரு நாற்காலியைக் குவியலிலிருந்து உருவிப் போட்டாள். தான் தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் விரலிலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“அம்மா கடைசில ஏதாவது சொன்னாங்களா?”

இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாதது அது. டாக்டரம்மா நாற்காலியிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தாள்.

“உன்னைத்தான் கேட்டாங்க. தண்ணி குடுத்தா, திருப்பிப் படுக்க வச்சா, எல்லாத்துக்கும் உன் பேரச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நானும் நீயாவே ‘ம்’ கொட்டிக்கிட்டு இருந்தேன். என் பேரு கடைசிவரைக்கும் அவங்க வாயில வரலக்கா. அந்த வயித்தெரிச்சல்லதான் அன்னைக்கு...”

அக்கா அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். அறைவாசலில் பிரஷ்ஷும் கையுமாக வந்த அத்தான் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் பின்வாங்கினார்.

மூன்று நாள் இருந்து, வெள்ளையடிக்க உதவிவிட்டுத்தான் திரும்பினாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. போனில் இன்னமும் நடுநடுவே பேச்சு நின்றுவிடும். எதைத் தொட்டால் எது வலிக்கும் என்று இருவருக்கும் பயம். ஆனாலும் வாரத்துக்கு ஒருதரம் அக்கா கூப்பிடுகிறாள். போனை எடுத்ததும் டாக்டரம்மாவின் பெயரை ஒருதரம் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசத் தொடங்குவாள். அதைக் கேட்க இவள் மற்ற ஆறு நாளும் காத்திருப்பாள்.