வீடு மாறி நுழைந்தவள்

ஆவடியில் ரயில் ஏறும்போதே நான் திட்டம் போட்டுவிட்டேன். சென்ட்ரலில் இறங்கி பஸ் பிடித்து எழும்பூர், அங்கிருந்து கண்காட்சிக்கு ஓட்டம், அக்காவின் படம் சுவரில் இருக்கிறதா என்று பார்ப்பது. சாப்பாடெல்லாம் அப்புறம். அக்காவின் திட்டம் வேறு என்பது சென்ட்ரலில் இறங்கியதும்தான் தெரிந்தது.

"மொதல்ல பொங்கல் சாப்ட்டுடலாம்டீ."

இளம் ஓவியர்களுக்கான கண்காட்சி அது. அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். தேர்வானால் மாட்டியிருப்போம், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஃபிட்டரான அப்பா, எதையும் அளந்து பார்த்த பிறகே நம்புகிறவர். "மாட்டியிருந்தா படம் வரையற கிளாசுக்கே போ. இல்லேன்னா திங்கக்கெழமை டைப்ரைட்டிங்" என்று முடித்துவிட்டார். ஆக, அக்காவின் திங்கட்கிழமை ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தை நானே பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள். கேட்டால், "அங்க வந்து பாத்துக்கோ" என்பாள்.

அக்காவுக்குப் பயம் வந்தால் பசிக்கும். பரீட்சை நாட்களில் எங்கள் வீட்டில் இட்லி மிஞ்சியதே இல்லை. அன்று பொங்கலுக்குப் பின் வடை. எழும்பூரில் இறங்கியதும் ரோஸ்மில்க். கண்காட்சி வாசலுக்கே வந்துவிட்ட பிறகு, மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்.

"அக்கா, மூடிடப் போறாங்க! வரியா இல்லியா?"

"இன்னும் ஒரு பத்தைடீ."

"இன்னா கண்ணு, அக்காவ இந்த வெரட்டு வெரட்ற? துன்னட்டும் வுடு" என்று மாங்காய்க்காரர் அவள் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

ஒருவழியாக இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் அறையில் நீல நிற எருமை ஒன்று கொம்பில் நிலாவைத் தாங்கி நின்றது. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. அக்கா படங்களைப் பார்க்கவில்லை, கீழே இருந்த பெயர்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் அறையில் அவள் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கடைசி அறையின் மூலையில் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள்.

"நீ போய்ப் பாரு. இருந்தா கையத் தூக்கு."

கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் இரண்டு கல்லூரிப் பையன்கள்.

"மச்சான், இது இன்னாடா, ஜெயிலா? எல்லாம் ஒரே மாதிரி கீது."

"ஜெயில்ல எவன்டா வாசல்ல கோலம் போடுவான்?"

எட்டிப் பார்த்தேன். ஜெயில் இல்லை, நாங்கள் குடியிருக்கும் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு, வரிசையாக.

பக்கத்தில் ஓர் அம்மா தன் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யோவ், இங்க பாருய்யா! இந்தப் பொண்ணு பக்கத்தூட்ல பூந்துகினு போவுது. பெத்தவ இந்தாண்ட கரண்டியோட முழிச்சிகினு நிக்கிறா!"

எனக்குக் காது சுட்டது. ரெட்டைப் பின்னல், தோளில் பை, வாசனை பிடித்துத் தூக்கிய மூக்கு. ஆறாம் வகுப்பில் பசியோடு ஓடி வந்து, வீடு மாறி நுழைந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்த அதே நான்! குவார்ட்டர்ஸே ஒரு வருஷம் சொல்லிச் சிரித்த கதை.

கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது.

"அது நான்தான்!"

எல்லோரும் திரும்பினார்கள். அந்த அம்மாவின் கண் விரிந்தது. "நெஜமாவா? அப்பால இன்னா ஆச்சு?"

"மீன் கொழம்பு. ரெண்டாவது தடவ சோறு போடறப்பதான் வீடு மாறிட்டது தெரிஞ்சுது. ஆனா எந்திரிக்கல."

சிரிப்பு அடங்கவே இல்லை. "வரஞ்சது யாரும்மா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். நான் தூணைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். ஒரு கன்னத்தில் மாங்காயோடு அக்கா வெளியே வந்தாள்.

"கோவமாடீ?" என்றாள் மெதுவாக.

"மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதா போட்டிருக்கலாம்."

பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ சாப்பிட்டுத்தான் ஆவடி ரயில் ஏறினோம். முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் போட்டு, நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து கொடுத்தார் கடைக்காரர். அக்கா பாதியை என் தட்டில் தள்ளினாள். அவளுக்குப் பசி போய்விட்டிருந்தது.

வீட்டு வாசலிலேயே அப்பா நின்றிருந்தார். நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் முழுவதும் கொட்டினேன். அம்மா, "என்னக் கரண்டியோடயா வரஞ்சிருக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா டைப்ரைட்டிங் பேச்சையே எடுக்கவில்லை. சந்தேகம் ஒன்றுதான் கேட்டார்.

"எல்லா வீடும் ஒரே மாதிரின்னா, அதுல நம்ம வீடு எதும்மா?"

அக்கா யோசிக்கவே இல்லை.

"இவ நொழையாத வீடுப்பா."