நான் பற்றவைத்த வயர்

எண்பதுகளில் நடந்தது. கொடைக்கானலில் எங்கள் கோவிலில் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒன்றாயிருந்த பெட்டி, ஒரு ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே ஊமையாகிவிட்டது. அதை ரிப்பேர் பார்ப்பவன் நான். மணியடிக்கும் தேவசகாயம் கீழே போட்டிருப்பார் என்று சபை முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவரை வேலையில் வைப்பதா என்று முடிவெடுக்க, சாயங்காலம் கமிட்டி கூடுவதாக இருந்தது.

அவரே பெட்டியை என் வீட்டுக்குச் சுமந்து வந்தார். "நான் போடலீங்க சார். மஞ்சு எறங்கிப் பனி மூடுனா எங் கம்பளியத்தான் அதுக்குப் போத்துவேன்" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். ஸ்பீக்கரை டார்ச் பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன், 'டொக்'கென்றது. ஸ்பீக்கரில் பழுதில்லை. அதற்குப் போகும் வயர்தான் விட்டுக் கிடந்தது. போன மாதம் நான் பற்றவைத்த வயர். செம்புக் கம்பியில் படிந்த களிம்பைச் சுரண்டாமல் அவசரத்தில் ஈயத்தை வைத்திருந்தேன்.

"என்னாச்சுங்க சார்?" அவர் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்ல, சரியாயிரும்" என்று கையால் மறைத்துக்கொண்டே பற்றவைத்தேன்.

கமிட்டியில், "பெட்டி பேசுது. இந்த ஒரு தடவை அவர மன்னிச்சு விட்டுருங்க" என்றேன். மன்னித்தார்கள். தேவசகாயம் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஒருநாளும் நின்றதில்லை. ஞாயிறுதோறும் அவர் கம்பளியை விலக்கி அதை ஆன் செய்வார். அது என் பெயரைச் சொல்லிவிடுமோ என்று நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.