ரேஷன் கடையில் விழாத ரேகை

புற்றுநோய் மாத்திரைகள் உடம்பில் என்னென்ன செய்கின்றன என்பதுதான் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சி. வீட்டில் அதற்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. எலிக்கு ஊசி போடுகிற வேலை என்று சித்தி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கே குடலில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, நான் ஆராய்கிற அதே மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது.

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கக் கை ஈர மண்ணில்தான் இருக்கும். மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்கும் போனாள். போனில் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: எனக்கு ஒன்றுமில்லை, நீ சாப்பிட்டாயா. ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். உடம்பு மருந்தைத் தாங்கிக்கொள்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது அவளோடு ரேஷன் கடைக்குப் போனேன். மிஷினில் கட்டைவிரலை வைத்தாள். ரேகை விழவில்லை. புடவையில் துடைத்து வைத்தாள், வேறு விரலை வைத்தாள், மறுகையையும் வைத்துப் பார்த்தாள். கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"செராமிக் வேலதானக்கா, தேஞ்சிருக்கும். இங்க பாதிப் பேருக்கு வுழாது."

அவள் போனுக்கு வந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு அரிசியைப் போட்டார். வரிசையில் நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். இந்த ஊரில் கை தேய்வதெல்லாம் ஒரு செய்தியா?

எனக்கு மட்டும் வேறு சந்தேகம் வந்தது. அந்த மாத்திரை சிலருக்கு உள்ளங்கையைச் சிவக்க வைத்து, தோலை உரித்து, ரேகையையும் அழித்துவிடும். கவனிக்காவிட்டால் வெடித்துப் புண்ணாகும். வீட்டுக்கு வந்ததும் அவள் கையை விரித்துப் பார்த்தேன். செக்கச்செவேலென்று இருந்தது, விரல் நுனியெல்லாம் வெடிப்பு. பாதமும் அப்படியேதான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சித்தி கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல மண்ணாலதான்னு நெனச்சேன். லீவு போட்டுப் பாத்தும் எரியறது நிக்கல. சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. நிறுத்திட்டா அது திரும்ப வந்துடும்ல?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கை ஆறும்வரை இடைவெளி விடுவார்கள், பிறகு அளவைக் குறைத்துத் தருவார்கள், அதனால் சிகிச்சை கெட்டுப்போகாது என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். சொந்த அக்கா மகள் சொன்னால் எடுபடுமா?

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நான் சொன்னதையேதான் டாக்டரும் சொன்னார். அதை மட்டும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள். வலி இருக்கிறதா என்று அவர் கேட்டார். சித்தி என்னைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"இருக்குதுங்க. டம்ளர்கூடப் புடிக்க முடியல."

சொல்லிவிட்டு விசும்ப ஆரம்பித்தாள். இத்தனை மாதத்தில் வலிக்கிறது என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கையைத் தொடப் பயமாக இருந்தது.