மாமா வரட்டும்

நர்ஸ் வேலையில் கை ஓய்ந்துபோவதற்கு முன்பே காது ஓய்ந்துபோகும். புண்ணும் சீழும் ரத்தமும் பழகிவிடும். ஒரே சொல்லை ஒரே நாளில் பத்து வாயிலிருந்து கேட்பது மட்டும் பழகவே பழகாது. பள்ளிக்கூட வாத்தியார், தாலுகா கச்சேரி குமாஸ்தா, ஜவுளிக்கடைக்காரர், பஸ் கண்டக்டர் என்று இந்த அவஸ்தையில் எனக்கு நிறையக் கூட்டாளிகள் இருப்பீர்கள். கேட்டவுடன் பல்லைக் கடிக்கவைக்கும் சொல் ஒன்று உங்களுக்கும் இல்லாமல் இருக்காது. என்னுடையவற்றை இங்கே சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

நாஞ்சில் நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் நான் வேலை பார்த்த காலம். எங்கள் சாலையில் மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. கீழே வரும் சொற்களை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் அத்தனையையும் ஒரே குடும்பத்தைச் சுற்றிக் கேட்டது சிவகாமி விஷயத்தில்தான். அதனால் அவளை வைத்தே சொல்கிறேன்.

சும்மாதான் வந்தேன்

பெண்கள் வார்டுக்கு வருகிறவர்கள் யாரும் நோய் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணைக்கு வந்தேன் என்பார்கள். சந்தைக்கு வந்த வழியில் எட்டிப் பார்த்தேன் என்பார்கள். நாம் நாலு கேள்வி கேட்டு, கொஞ்சம் அதட்டி, கடைசியில் முந்தானையை விலக்கச் சொன்னால் உள்ளே பழைய புண் ஒன்று சீழ்பிடித்துக் கிடக்கும். "சும்மாதான் வந்தேன்" என்று யாராவது சொன்னால் நான் உடனே கட்டிலுக்குத் துணி விரிக்கச் சொல்லிவிடுவேன்.

சிவகாமி சுசீந்திரத்துக்கு அடுத்த ஊர்க்காரி. வெள்ளாளர் வீட்டுப் பெண், முப்பது வயதிருக்கும். கணவர் மாணிக்கம் பிள்ளையும் தாயாரும் கூட வந்திருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கி, அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி நடந்துவந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். டாக்டர் தொட்டுப் பார்த்தபோது உள்ளே தேங்காய் பருமனுக்குக் கட்டி இருந்தது. இவ்வளவு பெரிதாகும்வரை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நான் கோபமாகவே கேட்டேன். அவள் சிரிக்கப் பார்த்தாள், வலி விடவில்லை.

"கன்னிப்பூ அறுப்பு முடியட்டும்னு இருந்தேன், நர்ஸம்மா. பொறவு நெல்லு காயட்டும்னு இருந்தேன். சோலி தலைக்கு மேல கெடந்துது. வயிறு எங்கயும் ஓடிப் போவாதுல்லா?"

மாமா வரட்டும்

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கட்டி உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கிறது. இப்போதே அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வாள். விட்டால் உள்ளேயே வெடிக்கும், அப்புறம் யார் கையிலும் இல்லை. தாயாரும் மாணிக்கம் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது: "மாமா வரட்டும்."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. அந்த வீடுகளில் அப்போது மருமக்கள் வழி. சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். கல்யாணமாகிக் கணவன் வீட்டில் இருந்தாலும் பெண்ணும் அவள் பெற்ற பிள்ளைகளும் தாய்வீட்டுக்கு உரியவர்கள். தாய்வீட்டுக்குத் தலைவர் தாய்மாமன், அவரைக் காரணவர் என்பார்கள். காதுகுத்தானாலும் கல்யாணமானாலும் அவர் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. சிவகாமியின் மாமா, வீடு கட்ட மரம் வாங்கக் குழித்துறைக்குப் போயிருந்தார். ஆள் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். புருஷன் நீங்கள் இருக்கிறீர்களே, நீங்கள் சொல்லக்கூடாதா என்று டாக்டர் மாணிக்கம் பிள்ளையைக் கேட்டார். "கொண்டுவந்து விடலாம், கூட இருக்கலாம். அறுக்கச் சொல்ல எனக்குப் பாத்தியதை இல்ல" என்றார் அவர். சொல்லும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னும் எத்தனையோ கட்டிலோரம் கேட்டிருக்கிறேன். பல்லைப் பிடுங்குவதற்கும் அதுதான், ஊசி போடுவதற்கும் அதுதான். அன்றைக்கு எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. நேராகச் சிவகாமியிடமே போய், உன் வயிறு, உன் உயிர், நீ சொல்லு அம்மா என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் ஏதோ தகாததைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"மாமாட்ட கேக்காம நான் ஒரு கம்மல்கூட மாத்தினதில்ல. வயித்தக் கீறச் சம்மதம் சொல்ல நான் ஆரு, நர்ஸம்மா? மாமா வரட்டும்."

பாப்போம்

அடுத்தவர்கள் சொல்லையே குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. எங்கள் ஆஸ்பத்திரிக்கும் சொந்தமாக ஒரு சொல் இருந்தது. எங்கள் டாக்டர் மதராஸில் படித்துவந்தவர், நல்ல கைராசிக்காரர், மனசும் நல்ல மனசு. முதல் நாள் தொண்டை வறளும்வரை அவர்களிடம் வாதாடிப் பார்த்தார். அது பலிக்கவில்லை என்றானதும் அவர் வாயில் ஒரே சொல்தான் மிஞ்சியது. காய்ச்சல் ஏறுகிறதே என்றால், பாப்போம். வலி குறையுமா என்றால், பாப்போம். மாமா இன்றைக்காவது வருவாரா என்று அவரே கேட்டு, அவரே பாப்போம் என்று பதிலும் சொல்லிக்கொள்வார். கேட்டுக் கேட்டு நர்ஸுகள் எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. சிவகாமியின் தாயார் என் கையைப் பிடித்து, பிள்ளை பிழைப்பாளா என்று கேட்டபோது, நானும் அதையே சொன்னேன்.

வராந்தாவில் நின்றுகொண்டிருந்த மாணிக்கம் பிள்ளை உள்ளே வந்தார். அதுவரை குரலை உயர்த்தாத மனுஷர். அப்போதும் உயர்த்தவில்லை. கட்டிலைக் காட்டிப் பேசினார்.

"நாங்க மாமா வரட்டும்ங்கோம், நீங்க பாப்போம்ங்கிய. இங்க சோலி செய்யது அவ ஒருத்திதான், டாக்டரே. அவ வலியத் தாங்கிக்கிட்டுக் கெடக்கா."

ஒருக்கா வந்துட்டுப் போங்க

வெளியூரில் இருக்கும் பெரியவருக்குக் கெட்ட சேதியை அப்படியே சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. வழியில் பதறிப்போவார், சாப்பிடமாட்டார், அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அதனால் சாவுச் சேதிகூட "கொஞ்சம் சுகமில்லை" என்றுதான் போகும். ஆபத்துச் சேதியோ "ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று போகும். குழித்துறைக்கு பஸ்ஸில் போன ஆள் அந்த வீட்டு வயலைப் பார்த்துக்கொள்கிறவன், மரியாதை தெரிந்தவன். மரக்கடையில் மாமாவைக் கண்டுபிடித்தான். "சிவகாமியம்மா ஆஸ்பத்திரியில இருக்காவ, பயப்பட ஒண்ணுமில்ல, சமயம் கிட்டும்போ ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றான். மாமாவும் பயப்படவில்லை. மரத்தை அறுக்கவைத்து, வண்டிகளில் ஏற்றி, வண்டியோடு கூடவே சாவகாசமாக வந்துசேர்ந்தார்.

வார்டுக்குள் அவர் நுழைந்தபோது கையில் மட்டிப்பழக் குலை ஒன்று இருந்தது. நல்ல உயரம், நரைத்த மீசை, முகத்தில் சிரிப்பு. மருமகளுக்குப் பழம் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்ததும் குலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் வாங்கிக் கீழே வைத்தேன். டாக்டர் நிலைமையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே "இப்பமே அறுங்க டாக்டரே, என்னத்துக்கு நிக்கிய?" என்றார் மாமா. சம்மதம் அவ்வளவுதான். ஒரு வாய் வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. சிவகாமியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம்தான் அவர் தங்கை பக்கம் திரும்பினார். தங்கை என்றால் சிவகாமியின் தாயார்.

"ஏட்டி, இதுக்கா எனக்காகக் காத்துக் கெடந்திய? நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு உங்களுக்கு ஆரு சொன்னா?"

எல்லாம் அவர் சித்தம்

கட்டி முன்பே உள்ளே வெடித்திருந்தது. டாக்டர் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். மறுநாள் மத்தியானம் சிவகாமி போய்விட்டாள். கடைசியாகத் தண்ணீர் கேட்டாள், நான்தான் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வேதம் வாசித்துக் காட்டும் அம்மாள் ஒருவர் உண்டு. கட்டில் கட்டிலாகப் போய் ஜெபம் செய்வார். பாவம், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். அவர் தாயாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவியபடி, "எல்லாம் அவர் சித்தம், அம்மா" என்றார். நானும் அதே சபையில் பிறந்து வளர்ந்தவள்தான். வெள்ளத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பிள்ளைச் சாவுக்கும் அந்த ஒரே சொல்லைக் கேட்டு வளர்ந்தேன். அன்றைக்கு அது என் காதைச் சுட்டது. ஆண்டவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் தலையில் நாம் கொண்டுபோய் இறக்கும் சுமையை நினைத்துத்தான் கோபம் வந்தது. தாயார் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் சித்தம்னு சொல்லுதியளே, அவருட்ட ஆராவது கேட்டியளா? நாங்களும் அண்ணனுக்க சித்தம் இன்னதுதான்னு நாங்களாவே நெனச்சுக்கிட்டுத்தான் என் மவளப் பறிகுடுத்தோம்."

கேட்டுட்டுச் சொல்லுதேன்

உடலை வண்டியில் ஏற்றுவதற்கு முன் மாமா வீட்டாரையெல்லாம் வார்டு வாசலில் நிறுத்திவைத்து ஓர் உத்தரவு போட்டார். இனி நம் வீட்டுப் பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்யவேண்டியிருந்தாலும் என்னைக் கேட்கக்கூடாது, டாக்டர் சொன்னதைச் செய்யவேண்டியது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஓர் உயிர் போய்த்தான் அந்தச் சொல் ஒழிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் சிவகாமியின் தங்கை பார்வதி பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளை குறுக்காகக் கிடந்தது, ஆபரேஷன் செய்தாகவேண்டும் என்றார் டாக்டர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மாமா சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு என்றாள். அப்படியானால் சரிதானே என்றேன். பார்வதி வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே யோசித்தாள். "மாமா சொன்னது கட்டிக்கு மட்டுமா, பிள்ளைப்பேறுக்கும் சேத்தான்னு தெரியல்லியே, நர்ஸம்மா. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாள். மாமா எங்கே இருக்கிறாரோ, யார் போய் எத்தனை மரியாதையோடு சேதி சொல்வார்களோ என்று நான் திகைத்து நின்றபோது, ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது: "செய்யச் சொல்லு மக்கா, நான் இங்கதான் இருக்கேன்." பார்வதியின் வண்டி வருவதற்கு முன்னாலேயே மனுஷர் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்று அறை மூலையில் நின்று நான் அழுதேன். எதற்கு இந்தப் பிள்ளைக்காக இவ்வளவு அழுகை என்று மற்ற நர்ஸுகளுக்குப் புரியவில்லை.

பிறகு சட்டம் வந்தது. மருமக்கள் வழி போய், சொத்து பெற்ற பிள்ளைகளுக்கு என்று ஆனது. அந்தச் சொல் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் அசையவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் காய்ச்சலுக்கு வந்தாலும் சரி, காலில் முள் குத்தி வந்தாலும் சரி, மாமா முன்கூட்டியே வந்து பெஞ்சில் இருப்பார். வயதாகி, முழங்கால் மடங்காமல், கம்பை ஊன்றிக்கொண்டு வருவார். ஒருமுறை பார்வதி பல்வலிக்கு வந்திருந்தாள். அப்போதும் இருந்தார். ஒரு பல்லுக்காக இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வரவேண்டுமா, வீட்டில் இருந்தால் ஆகாதா என்று கேட்டேன். கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். பக்கத்தில் இடம் ஒதுக்கி என்னை உட்காரச் சொன்னார்.

"என்னைக் கேக்காண்டாம்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், நர்ஸம்மா. 'மாமா வரட்டும்'னு அவளுவ வாயில வரத்தான் செய்யும். அது வருகதுக்கு முந்தி நான் வந்திரணும்லா?"

ஒட்டிப் பரவுகிற நோய்களில் சிலவற்றுக்கு எங்கள் மருந்து அலமாரியில் பாட்டில் இருந்தது என்றாலும், ஒட்டிப் பரவுகிற சொல்லுக்கு வராந்தா பெஞ்சில் வந்து உட்கார ஒரு மாமா வேண்டியிருந்தது.