மூணுல ஒண்ணு பொய்

அன்று காலை காரில் ஏறும்போதே எனக்குத் தெரியும், வீடு திரும்புவதற்குள் என் கணவர் பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பாசீர் கூடாங்கில் அவர் வேலை பார்த்த கப்பல் பட்டறையில் கொஞ்ச காலமாகவே வேலை குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் கடலுக்கு அப்பால் சரவாக்கில், பிந்துலுவில் இருக்கும் இன்னொரு பட்டறைக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டு வருட ஒப்பந்தம், அடுத்த மாதம் புறப்பாடு. நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தாகிவிட்டது. பத்து வயது மகளுக்கும் ஆறு வயது மகனுக்கும்தான் இன்னும் தெரியாது.

"நான் சொல்லவா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"வேணாம்லா. நானே சொல்றேன். நாளைக்கு லாயாங் லாயாங் ஊருக்குப் போறோம்ல, அங்க வெச்சு சொல்லிடறேன்."

ஏன் அங்கே என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ மனக்கணக்கு போட்டுவிட்டார் என்று நானும் விட்டுவிட்டேன். தெப்ராவில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து மகனின் குரல் வந்தது. "பா, இன்னைக்கு மூணுல ஒண்ணு இருக்கா?"

"இல்லாமலா?" என்றார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போல அதில் ஒன்றும் தெரியவில்லை.

மூணுல ஒண்ணு என்பது எங்கள் வீட்டு விளையாட்டு. எங்காவது வெளியே போனால், அந்த இடத்தைப் பற்றி அவர் மூன்று விஷயம் சொல்வார். இரண்டு உண்மை, ஒன்று பொய். எது பொய் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசியைத் தட்டிப் பார்க்கக் கூடாது. நடந்து பார்க்கலாம், படிக்கலாம், யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஜெயித்தால் என்ன சாப்பிடுவது என்பது அவர்கள் இஷ்டம். தோற்றால் அவர் இஷ்டம். அவருக்குப் பால் விடாத கசப்பான கோப்பி ஓவும் கருவாடும் போதும் என்பதால், பிள்ளைகள் தோற்க விரும்பியதே இல்லை.

இது தொடங்கியது மகள் நாலாம் வகுப்புக்குப் போன புதிதில். சரித்திரப் பாடம் அந்த வருடம்தான் ஆரம்பம். புத்தகத்தைத் திறந்து நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இதுல இருக்கிறவங்க எல்லாரும் செத்துப் போயிட்டாங்க. இன்னும் எதுக்குப் படிக்கணும்?" என்று மூடி வைத்தாள். நான் திட்ட வாயெடுப்பதற்குள் இவர் சிரித்துவிட்டார். சிரித்ததோடு நிற்கவில்லை, "நியாயமான கேள்விதான்" என்று வேறு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தா திங்கி பக்கம், ஆற்றங்கரையில் பழைய கோட்டை ஒன்று இருந்த இடத்துக்குப் போனோம். கோட்டை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, மண்மேடும் புல்லும்தான். அதன் மேல் ஏறி நின்றுகொண்டு சொன்னார்: "ஒண்ணு, கடல் தாண்டி வந்த போர்த்துகீசியர்கள் இந்த ஆத்து வழியா வந்து கோட்டையைத் தாக்கினாங்க. ரெண்டு, அப்ப இங்க பெரிய பட்டணமே இருந்துச்சு, வெளிநாட்டுக் கப்பலெல்லாம் வரும். மூணு, குண்டு தீர்ந்து போனதும் நம்மாளுங்க பீரங்கிக்குள்ள துரியான் பழத்தைப் போட்டுச் சுட்டாங்க. இதுல எது பொய்?"

மகன் துரியான்தான் உண்மை என்று அடித்துச் சொன்னான். மகள் முதலில் சிரித்தாள், அப்புறம் யோசித்தாள், அப்புறம் அங்கிருந்த அறிவிப்புப் பலகையை ஒரு வரி விடாமல் படித்தாள். புத்தகத்தில் படிக்காத அதே பெண். நானும் அவள் பின்னால் நின்று படித்தேன்.

ஆனாலும் காரில் விடவில்லை. "பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லவா கத்துக் கொடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பொய் சொல்ல இல்ல. பொய்யைக் கண்டுபிடிக்க. நீ ஃபேக்டரியில பார்க்கிற வேலைதானே அது?"

அவர் சொன்னது சரிதான். நான் மின்னணுப் பலகைகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். உருப்பெருக்கியின் கீழ் வைத்து, முடி அளவு விரிசல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவது என் பிழைப்பு. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. சோற்றில் கல், சட்டையில் கறை, பேச்சில் ஓட்டை, எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. என் வாயிலிருந்து பாராட்டு வருவது அத்தி பூத்த மாதிரிதான் என்று என் தங்கையே சொல்வாள். அப்படிப்பட்ட நான் இந்த மனிதரின் முகத்தைப் பார்த்து ஒருமுறைகூடப் பொய்யைப் பிடித்ததில்லை. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அவருடைய சாமர்த்தியம் பொய்யில் இல்லை, உண்மையைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தது. பொய் போலவே தோன்றும் உண்மைகளாகப் பார்த்துப் பொறுக்குவார். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் மலாய்க்காரர், சீனர் என்று எல்லாரிடமும் உங்கள் ஊரில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். "ஒரு நல்ல பொய் சொல்றதுக்கு ரெண்டு நல்ல உண்மை தேடணும். அதுக்குத்தான் நாக்கு தள்ளுது" என்பார்.

எங்கள் வீடு இருக்கும் தெப்ராவ் ஒரு காலத்தில் சீனர்களின் மிளகுத் தோட்டமும் காம்பிர் தோட்டமுமாக இருந்தது என்பது அப்படி வந்ததுதான். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி அந்தக் காம்பிர் இலையைக் காய்ச்சி எடுப்பது என்று சொன்னபோது, மகள் நேராகக் காய்கறிக் கடைச் சீனத்து ஆன்ட்டியிடம் போய் நின்றாள். என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த பெண், முன்பின் பழகாதவர்களிடம் மலாயில் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அதுவும் என்ன கேள்வி? யார் எதைச் சொன்னாலும் கடைசியில், "நீங்க கண்ணால பார்த்தீங்களா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்பாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளாகவே கண்டுபிடித்த கேள்வி. முதல்முறை அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மகனுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. எது உண்மையாக இருந்தால் நன்றாக இருக்குமோ அதுதான் அவனுக்கு உண்மை. அவனும் ஒருமுறை ஜெயித்தான். குனோங் பூலாய் அருவிக்குப் போன அன்று, "முன்ன இந்தப் பக்கம் ரயில் பாதை போட்டாங்க, தண்டவாளம் இரும்பு இல்ல, மரம். கரையான் தின்னுடுச்சு" என்றார் இவர். மகள் சிரித்துக்கொண்டே அதைப் பொய் என்றாள். நானும் மனசுக்குள் அதையே சொன்னேன். மகன் மட்டும், "கரையானுக்குப் பசிக்கும்ல" என்றான். விசாரித்துப் பார்த்தால் அது உண்மை. அன்று அவன் கேட்ட ஐஸ் காச்சாங் இனிப்பை நாங்கள் எல்லாரும் தலைகுனிந்து சாப்பிட்டோம்.

இப்படிப்பட்ட விளையாட்டோடுதான் அன்று லாயாங் லாயாங் போய்ச் சேர்ந்தோம். சின்ன ஊர். பழைய கடைவீடுகள், ரயில் நிலையம், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். காரை ஒரு மர நிழலில் நிறுத்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தன் வழக்கமான இடத்தில், அதாவது பிள்ளைகளுக்கு எதிரே, நின்றார்.

"ஒண்ணு. இந்த மாதிரிப் பழைய கடைவீட்டுல மாடித் தரையில ஒரு ஓட்டை இருக்கும். கீழ கதவைத் தட்டுறது யாருன்னு மேல இருந்தே பார்த்துக்குவாங்க. ரெண்டு. முன்ன ஒரே தண்டவாளம் இருந்தப்ப, ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பெரிய வளையத்தைக் கையில கொடுத்தாத்தான் ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். வளையம் இல்லைன்னா ரயில் நகராது." கொஞ்சம் நிறுத்தினார். "மூணு. அடுத்த மாசம் அப்பா பிந்துலுவுக்கு வேலைக்குப் போறேன். ரெண்டு வருஷம்."

குரல் கொஞ்சமும் மாறவில்லை. இப்படியா சொல்வது என்று கத்த வேண்டும் போலிருந்தது. மகள் சிரித்தாள். "ஐயோ அலமாக், இன்னைக்கு ரொம்ப ஈஸிலா" என்றாள். ஆனால் சரிபார்க்காமல் அவள் பதில் சொல்ல மாட்டாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

முதலில் மூலையிலிருந்த கோப்பிக் கடை. கடைக்காரச் சீனத்து ஆன்ட்டி அவள் கேட்டதும் அண்ணாந்து விரலை நீட்டினார். தலைக்கு மேலே பலகையில் ஒரு சதுர மூடி. மகனை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அதைத் திறந்தும் காட்டினார். மேலேயிருந்து அவன் குரல் கேட்டது. "பா, உங்க சொட்டை தெரியுது." கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் அண்ணாந்து கையை ஆட்டினார்.

அடுத்து ரயில் நிலையம். டிக்கெட் முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண், தன் அப்பாவும் ரயில்வேதான் என்று சொல்லிக் கைப்பேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டினாள். ஓட்டுநர் எஞ்சினிலிருந்து கையை நீட்டுகிறார், கீழே நிற்பவர் வளையத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மகள் தன் கேள்வியைக் கேட்டாள். "நானே பார்த்திருக்கேன். சின்னப் பிள்ளையில அந்த வளையத்துக்குள்ள நுழைஞ்சு விளையாடி அடி வாங்கினேன்" என்றாள் அந்தப் பெண்.

இவ்வளவு அழகாக ஒரு பிள்ளை உண்மையைத் தேடிப் போவதைப் பார்த்துக்கொண்டே, அவள் எங்காவது தப்புச் செய்து, முதல் இரண்டில் ஒன்றைப் பொய் என்று சொல்லிவிட மாட்டாளா என்று அன்று வேண்டிக்கொண்டேன். அவள் செய்யவில்லை. திரும்பவும் கோப்பிக் கடைக்கு வந்து உட்கார்ந்தோம்.

"ஒண்ணு உண்மை. ரெண்டு உண்மை. அப்ப மூணுதான் பொய்" என்றாள். "ஜெயிச்சுட்டோம். எனக்கு மைலோ ஐஸ், தம்பிக்கு ரொட்டி பாக்கார்."

இவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்குப் பொய் இல்லம்மா" என்றார்.

"ரூல்ஸ் அப்படி இல்லையேப்பா. ஒண்ணு பொய்யா இருக்கணும்."

"ஆமா. நான்தான் ரூல்ஸை மீறிட்டேன்."

அவள் முகம் மெல்ல மாறியது. அப்போதும் அவள் தன் கேள்வியை விடவில்லை. "யாராச்சும் சொன்னாங்களா, இல்ல..."

"டிக்கெட் எடுத்தாச்சும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்க் கடை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மகன்தான், "பிந்துலுவுக்கு ரயில் போகுமா?" என்று கேட்டான். நடுவில் கடல் இருக்கிறது என்றார் அவர். பையன் அண்ணாந்து அந்த மூடியைப் பார்த்தான். "நம்ம வீட்டு மாடியிலயும் ஒரு ஓட்டை போட்டுட்டுப் போங்கப்பா. நீங்க வந்தா நான்தான் முதல்ல பார்ப்பேன்." மனிதர் எழுந்து கைகழுவப் போய்விட்டார். வெகுநேரம் கழுவினார்.

திரும்பும் வழியில் கூலாயில் காருக்கு எண்ணெய் போட நிறுத்தியபோது, நான் இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். கோபத்தோடுதான் இறங்கினேன். "நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வரலை. நேத்தெல்லாம் சொல்லிப் பார்த்தேன், வாய்ல வரலை. ரெண்டு உண்மை சொன்னா மூணாவது தானா வந்துடும்னு நெனச்சேன்."

அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. பொய் சொல்லத் தெரிந்த மனிதர், ஆமாம், மூணுதான் பொய் என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். பிள்ளைகள் ஜெயித்த சந்தோஷத்தில் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை.

கார் மறுபடி நெடுஞ்சாலையில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து மகள் பேசினாள். "பா, இன்னைக்கு மூணும் உண்மை. அப்ப நீங்க எங்களுக்கு ஒரு பொய் பாக்கி."

"ஆமாம்மா. பாக்கிதான்."

"போறதுக்கு முன்னால கொடுத்துடணும்."

அடுத்த மாதம் செனாய் விமான நிலையத்தில் அவருடைய பெட்டியைச் சுற்றி நின்றோம். மகன் அவர் காலைக் கட்டிக்கொண்டிருந்தான். அழைப்பு வந்ததும் அவர் குனிந்து மகளின் முகத்துக்கு நேரே வந்தார். முகத்தில் எதுவுமே தெரியாத அந்த மனிதரின் முகத்தில் அன்று எல்லாமே தெரிந்தது. எனக்கு உருப்பெருக்கி தேவைப்படவில்லை.

"பாக்கி இருக்குல்ல," என்றார். "அப்பாவுக்கு அழுகை வரலைம்மா."

அவள் தன் சட்டைக் கையை இழுத்து அவர் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு அந்த ஈரத்தைப் பார்த்தாள்.

"பொய்," என்றாள்.