கம்பத்தை மெல்லத் தொடுதல்

ரெக்ஸ்டேலில் ஒரு பனியரங்கு. ஞாயிறு காலைகளில் அங்கே விளையாடும் எங்கள் ஐஸ் ஹொக்கிக் குழுவுக்குக் கோல் காக்கிற கோலி நான்தான். நாற்பது தாண்டிய பிறகு ஸ்கேட் கட்டப் பழகியவர்கள் நாங்கள். கப்டன் என் மச்சான், மனைவியின் தம்பி.

பக், அதாவது அந்த ரப்பர் வட்டு, வலைக்குப் பின்னால் போனால் கோலி செய்ய வேண்டியது ஒன்றுதான். அது எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறதோ அந்தப் பக்கத்து முழங்காலை மடித்து, காலில் கட்டிய தடித்த பாட் பனியில் படியும்படி விழுந்து, பாதத்தையும் தோளையும் கோல் கம்பத்தோடு ஒட்டி வைக்க வேண்டும். இடைவெளி இருக்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லித் தரத் தேவையே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கார் வரை போய், திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்க்கிறவன் நான். கம்பத்தையும் அப்படித்தான் இறுக்கினேன். ஆனால் வலை நிற்பது பனியில் குத்திய இரண்டு முளைகளில். நான் அழுத்துகிற அழுத்தில் முளை கழன்று வலையே நகர்ந்துவிடும். விசில். ஆட்டம் நிற்கும்.

அன்றைக்கு இரண்டு தரம் அப்படி நடந்துவிட்டது. வேண்டுமென்றே செய்கிறேனாம், இன்னொரு தரமென்றால் தண்டனை என்று நடுவர் விரலை நீட்டினார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. நாங்கள் ஒரு கோல் முன்னுக்கு.

மச்சான் சறுக்கி வந்தான்.

“அத்தான், கள்ளன் வாறான் எண்டு கதவுக்கு முட்டுக் குடுக்கிற மாதிரி ஏன் கம்பத்தைத் தள்ளுறியள்?”

“தள்ளாட்டி இடைவெளி வந்திடுமே.”

“வராது. சும்மா தொடுங்கோ, பாதம் பட்டாக் காணும். எத்தினை தரம் படம் கீறி அனுப்பினனான்?”

அனுப்பினான்தான், கோணமும் அம்புக்குறியுமாக. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குப் படம் அனுப்பினால், அந்தப் படத்தைப் பற்றியும் ஒரு கவலைதான் மிச்சம்.

“இன்னொருக்கா வலை கழண்டா, அடுத்த கிழமை பிறம்ரனிலை இருக்கிற அந்தக் கோலியைக் கூப்பிடுவன். அக்கா பேசினாலும் பரவாயில்லை.”

கோலில் நிற்கிறபோது கவலைப்பட ஒரேயொரு விஷயம்தான் இருக்கும். மற்றக் கவலையெல்லாம் அரங்குக்கு வெளியே நிற்கும். அந்த ஒரு மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கடைசி நிமிடத்தில் பக் வலைக்குப் பின்னால் போனது. எதிராளி ஒருவன் இடப்பக்கமாகச் சுற்றி வந்தான். விழுந்தேன். பாதம் கம்பத்தில் பட்டது, அவ்வளவோடு விட்டேன். தொட்டுக்கொண்டிருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. கால் பாட் மீது பக் அடிபட்ட சத்தம் கேட்டது. பிறகு பக்கைக் காணவில்லை. நடுவர் விசில் ஊதினார்.

“எழும்புங்கோ அத்தான்.”

“உள்ளுக்கை போயிட்டுதோ?”

“இல்லை. உங்கடை காலுக்குக் கீழைதான் கிடக்கு.”

“எழும்பேக்கை தட்டுப்பட்டு உள்ளுக்கை போனா?”

“விசில் அடிச்சாச்சு! இனிப் போனாலும் கணக்கில்லை!”

“நடுவரிட்டைக் கேட்டுச் சொல்லு.”

மச்சான் ஹெல்மெட்டோடு தலையைப் பிடித்துக்கொண்டு போனான். நடுவரே வந்து, குனிந்து, பக்கை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் நான் உடனே எழும்பவில்லை. கம்பத்தில் கை ஊன்றினால் வலை கழன்றுவிடுமே என்று, அதைத் தொடாமல் தவழ்ந்தே வெளியே வந்தேன்.

“அடுத்த கிழமையும் நீங்கள்தான்,” என்றான் மச்சான், ஆட்டம் முடிந்ததும். “ஆனா இண்டைக்கு என்னோடை கதைக்காதேங்கோ.”