பல்செட்டுக்காரரின் எட்டாம் நம்பர்

ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவர் தயவில்தான். ஆனால் அது வெளியே தெரியாது. தெரிந்துவிட்டால் அவர் வேலையில் குறை என்று அர்த்தம். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். அதனால் எல்லோருக்கும் அவர் பல்செட்டுக்காரர். பட்டறை வீட்டின் பின்னறையில், மனைவியின் தையல் கடை முன்னறையில். "முன்னாடி நான் கிழிசலைத் தைக்கிறேன், பின்னாடி அவர் ஓட்டையை அடைக்கிறார்" என்று அவள் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

குறை என்று சொல்ல அவருக்கு வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. காதில் தங்கிவிட்ட ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர. கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணின் அண்ணன் உள்ளறையில் சொன்னது வெளியே உட்கார்ந்திருந்த இவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"போயும் போயும் பொய்ப்பல்லு செய்றவனுக்கா என் தங்கச்சி?"

கல்யாணம் நடந்தது, குடித்தனமும் நன்றாகவே நடந்தது. மச்சானும் கெட்டவர் இல்லை. ஆபத்து என்றால் செருப்பைக்கூட மறந்துவிட்டு முதலில் ஓடி வருகிறவர். ஆனால் அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை பிடுங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம். வீடு கட்டினால் ஜன்னல் சின்னது என்பார், பெரிய ஜன்னல் வைத்தால் வெயில் அடிக்கிறது என்பார். சாப்பிட்டது செரிக்க அவருக்குத் தினமும் ஒரு குறை தேவைப்பட்டது.

அவர் குறையே சொல்லாத பொருள் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. செங்கல் தொழிற்சாலையில் அவர் ஓட்டிய குட்டி நீராவி இன்ஜின். களிமண் தோண்டும் பள்ளத்திலிருந்து சூளை வரைக்கும் வண்டிகளை இழுக்கும் நாலு சக்கர இன்ஜின் அது. ஓடியது இரண்டடி அகலத் தண்டவாளத்தில். அதன் எண் எட்டு. மற்ற டிரைவர்கள் அதை "ஏழரையோட அரை சேர்த்தது" என்று கிண்டல் செய்வார்களாம். மச்சான் அவர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். தொழிற்சாலை மூடியதும் எட்டு பழைய இரும்புக்குப் போயிற்று. அன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர் மறுநாள்தான் திறந்தார்.

அந்த மச்சானுக்கு இப்போது வாயில் ஒரு பல்கூட இல்லை. ஊருக்கெல்லாம் பல் செய்கிற தங்கை வீட்டுக்காரர் அடுத்த தெருவில் இருக்க, இவர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். தங்கை கேட்டுப் பார்த்தாள்.

"பொய்ப்பல்லை வச்சுக்கிட்டு மெய் பேச முடியுமா?" என்றார் மச்சான்.

பல்செட்டுக்காரர் முடிவு செய்தது அப்போதுதான். எட்டாம் நம்பர் இன்ஜினை, பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு ஆணிகூட விடாமல் செய்வது. ஒரே ஒரு தடவை அந்த வாயால் "நல்லா இருக்கு" என்று சொல்ல வைப்பது. பல் இல்லாத வாயானாலும் பரவாயில்லை.

மச்சான் வீட்டைச் சுத்தம் செய்யப் போன மனைவி, தகரப்பெட்டிக்குள் ஒரு பழைய நெகட்டிவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரதி எடுத்தார் பல்செட்டுக்காரர். புகை கக்கும் எட்டு, அதில் சாய்ந்தபடி தலை நிறைய முடியோடு மச்சான். இன்ஜினின் உயரம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று சொல்ல அந்தப் படத்தை விட்டால் வேறு நாதி இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் மச்சானின் உயரம் தெரிந்தால் மற்றதைக் கணக்குப் போட்டுவிடலாம். மனைவி அண்ணனை அழைத்து, புதுச் சட்டைக்கு அளவு எடுக்க வேண்டும் என்று நிற்க வைத்தாள்.

"சட்டைக்கு எதுக்குடி உச்சந்தலையில இருந்து அளக்கிற?"

"இப்ப அதான் அண்ணா பேஷன்" என்றாள் அவள். பின்னறையில் பல்செட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெண் கொடுத்த நாளிலிருந்து ஆளை அளந்துகொண்டிருந்த மச்சானை அன்றுதான் திருப்பி அளந்தார்கள்.

வேலை ஆரம்பமாயிற்று. பித்தளைத் தகட்டை வெட்டி, மழுங்கிய ஊசியால் பின்பக்கமிருந்து அழுத்தி, வரிசை வரிசையாக ஆணித்தலைகளை எழுப்பினார். புகைபோக்கியையும் சக்கரங்களையும், பல்லுக்கு உலோக உறை செய்வது போலவே மெழுகில் செதுக்கி, மாவுக்குள் புதைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் பித்தளையை ஊற்றினார். முதலில் வார்த்த சக்கரத்தில் ஒரு குழி இருந்தது. "சொத்தை" என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வார்த்தார். டிரைவர் உட்காரும் பலகையை ஈறு செய்கிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கிலேயே செய்து மேலே கறுப்பு அடித்துவிட்டார். ஒரு டாக்டர் போன் செய்து, "உங்க ரயில் கிளம்பினப்புறமாவது எங்க பல்லு வருமா சார்?" என்று கேட்டார். பல்செட்டுக்காரர் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தார், வேலை செய்யும்போது அவரை அறியாமல் உதட்டைக் குவித்து விசில் அடித்தார்.

முடிந்ததும் ஒரு விடுமுறை நாளில் மச்சானைச் சாப்பிடக் கூப்பிட்டு, மேஜைமேல் இருந்த துண்டை விலக்கினார்கள். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார்.

"எட்டுதான். ஆனா எட்டு இல்ல" என்றார் மச்சான்.

"எங்க தப்புன்னு சொல்லுங்க மச்சான்."

"அதான் தெரியல. எல்லாம் இருக்கு. ஆனா எங்கயோ இடிக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பொய்ப்பல்லு மாதிரி."

பல்செட்டுக்காரர் துண்டை எடுத்து இன்ஜின்மேல் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். அவர் அழுதார் என்று சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கமில்லை, அவருக்குத்தான் இருந்தது. மச்சான் போனபிறகு, "உங்க அண்ணனுக்குப் பல்லு எல்லாம் விழுந்தாலும் விஷம் மட்டும் இறங்கல" என்றார் மனைவியிடம். அவளுடைய தையல் மெஷின் அன்று வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

பட்டறையில் இடத்தை அடைக்கிறது என்று சில வாரம் கழித்து அவள்தான் இன்ஜினைத் தூக்கிப்போய்க் கடையில் வைத்தாள். துணி போட்டுப் பார்க்கிறவர்களுக்காக அங்கே ஓர் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதற்கு எதிரே இருந்த அலமாரித் தட்டில் எட்டு போய் நின்றது.

மச்சான் வந்தார், கையில் அந்தப் புதுச் சட்டையோடு. காலர் பிடிக்கிறதாம். போட்டுக் காட்டச் சொன்னாள் தங்கை. கண்ணாடி முன்னால் நின்று காலரை இழுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை! இங்க ஓடி வாங்க! இதான்! இதான் எட்டு!"

பல்செட்டுக்காரர் கையில் பாதிப் பல்லோடு ஓடி வந்தார். மச்சான் அலமாரியைத் திரும்பிப் பார்த்து "இது இல்ல" என்றார். மறுபடி கண்ணாடியைப் பார்த்து "இதான்" என்றார். மச்சானுக்கு மரை கழன்றுவிட்டது என்றுதான் பல்செட்டுக்காரர் முதலில் நினைத்தார்.

"பாருங்க, பிரேக் சக்கரம் என் வலது கைக்குத்தான் இருக்கும். கண்ணாடியில வலது பக்கம் இருக்கு. நீங்க இடது பக்கம் வச்சிருக்கீங்க. இறங்குற வாசல்? அதைச் சூளைப் பக்கம் வச்சிருக்கீங்க. இறங்கினா சுவத்துல முட்டிக்க வேண்டியதுதான்."

"போட்டோவுல அப்படித்தான் மச்சான் இருக்கு."

அவர் பின்னறையிலிருந்து எடுத்துவந்த போட்டோவை மனைவி வாங்கிப் பார்த்தாள். அதுநாள் வரை அது பின்னறைச் சுவரிலேயே இருந்தது, உட்கார்ந்து பார்க்க அவளுக்கு நேரம் ஏது. ஒரு பார்வைதான் பார்த்திருப்பாள்.

"அண்ணா, உன் சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம்?"

மச்சான் இடது மார்பைத் தொட்டுக் காட்டினார். போட்டோவில் பாக்கெட் வலது மார்பில் இருந்தது.

"ஸ்டூடியோக்காரன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுட்டான். எங்கிட்ட ஒரு தடவை காட்டியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே!"

வேறு எந்த எண்ணாக இருந்தாலும் காட்டிக் கொடுத்திருக்கும். மூன்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கும், ஏழு எதிர்ப்பக்கம் கையை நீட்டியிருக்கும். இன்ஜினில் எழுதியிருந்ததோ எட்டு ஒன்றுதான், அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டு. எதிராளியின் வலது நமக்கு இடது என்பதுதான் பல்செட் தொழிலில் முதல் பாடம். ஒரு வாயில்கூட அதைத் தவறவிடாத மனிதர் ஒரு முழு இன்ஜினையே இடவலம் மாற்றிச் செய்திருக்கிறார். ஆனைக்கும் அடி சறுக்கும். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

மச்சான் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கக் காலர் தூக்கிக்கொண்டு நின்றது. அதை அவர் கவனிக்கவில்லை.

"பிரிச்சு மாத்திடறேன் மச்சான்" என்றார் பல்செட்டுக்காரர்.

"வேணாம். கை வைக்காதீங்க. பொய் சொன்னது போட்டோதான், நீங்க இல்ல." கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே பேசினார். "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு மாப்பிள்ளை."

எந்த அன்று என்று பல்செட்டுக்காரர் கேட்கவில்லை. எந்த அன்றாக இருந்தாலும் அவருக்குச் சம்மதம்.

கொஞ்ச நேரம் கழித்து மச்சான் ஈறுகளை நாக்கால் தடவிக்கொண்டார். "ரொட்டியை ஊறவச்சு ஊறவச்சு சலிச்சுப்போச்சு. எனக்கும் ஒரு செட் செஞ்சு குடுங்க. இடது வலது மட்டும் பார்த்து வைங்க."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த தங்கையின் கால் நின்றுவிட்டது. மச்சானின் மனசு மாறுவதற்குள் பல்செட்டுக்காரர் பின்னறைக்கு ஓடி, அச்செடுக்கும் மாவைக் கலந்து கொண்டுவந்து, முக்காலியில் உட்கார்ந்த நிலையிலேயே அவர் வாயில் வைத்து அமுக்கினார். மாவு இறுகுகிற வரைக்கும் மச்சானால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. கண் மட்டும் கண்ணாடியில் இருந்தது.

அச்சை வெளியே எடுத்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றார்.

"எது மச்சான், மாவா?"

மச்சான் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

"மாவு சகிக்கல" என்றார்.